பதினான்கு பெயர் போட்ட பந்து

கையெழுத்தைத் தலைகீழாய்த்தான் பார்க்க வேண்டும் என்பது அருந்தவனின் கட்சி. நேராய்ப் பார்த்தால் பெயரை வாசித்துவிடுவீர்கள்; வாசித்தீர்களோ, போச்சு, கண் ஏமாந்துவிடும். தலைகீழாய்ப் பிடித்தால் அங்கே பெயரும் இல்லை, ஆளும் இல்லை, வெறும் கோடும் வளைவும்தான். கொழும்பில் பன்னிரண்டு வருடம் ஒரு வங்கியில் இருந்து, காசோலைக் கையெழுத்துகளை மாதிரி அட்டையோடு ஒப்பிட்டுப் பழகிய கண் அது. இப்போது அதே கண்ணுக்கு மெல்போனின் டண்டினொங்கில் சம்பளம் கொடுக்கிறார்கள், பழைய விளையாட்டுச் சாமான்களை ஏலம் விடும் ஒரு கடையில். கிரிக்கெட் மட்டையோ, குத்துச்சண்டைக் கையுறையோ, எது வந்தாலும் அதிலுள்ள கையெழுத்து அசலா போலியா, என்ன விலைக்குப் போகும் என்று சொல்வது அவருடைய வேலை. ஐம்பத்தேழு வயதில் இப்படியும் ஒரு உத்தியோகம் வாய்க்கும் என்று யார் கண்டது.

பெப்ரவரி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் மண்டையைப் பிளந்த மத்தியானம், வெங்கட்ராமன் என்பவர் ஒரு பழைய பிஸ்கற் தகர ரின்னோடு கடைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், ஐ.டி. வேலை. பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்க வேண்டுமென்று கிளென் வேவர்லியில் விலையைப் பார்க்காமல் ஒரு பழைய வீட்டை வாங்கி, அதன் கராஜைத் துப்புரவாக்கியபோது இந்த ரின் அகப்பட்டதாம். உள்ளே ஒரு பேஸ்போல் பந்து. தோல் பழைய பல்லின் மஞ்சளுக்கு வந்திருந்தது. தையலுக்குப் பக்கத்தில் 1958 என்று எழுதி, சுற்றிவர ஊற்றுப்பேனாக் கையெழுத்துகள். ஏதோ ஒரு புறநகர்க் கழகத்துப் பொடியன்கள் ஆட்டப் பருவம் முடிந்த சந்தோஷத்தில் ஆளுக்கொரு பெயர் போட்டிருந்தார்கள்.

அருந்தவன் பந்தைத் தலைகீழாய்ப் பிடித்து, பூதக்கண்ணாடியை வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு சுற்றுப் பார்த்தார். மை அந்தக் காலத்து மைதான். பேனாவை ஒரே கை பிடித்திருக்கவில்லை. ஆளுக்கு ஆள் அழுத்தம் வேறு, சாய்வு வேறு. அப்படியென்றால் போலியில்லை. நடுவில், தையல் இல்லாத நல்ல இடத்தில், ரெஜ் மலோய் என்று ஒரு பெயர். இந்த ரெஜ் மலோய் பிறகு அமெரிக்காவுக்குப் போய்ப் பந்தெறிந்து பெயரெடுத்தவன். அவனுடைய கையெழுத்துக்காகக் காசை அள்ளி எறிய இந்த நாட்டில் பத்துப் பேராவது இருக்கிறார்கள்.

அருந்தவன் பதிவுத் துண்டுச்சீட்டை எடுத்து, 'கையெழுத்துகள்: 14' என்று எழுதினார். பிறகு பெயர்களை ஒவ்வொன்றாய்ப் பதிந்தார். பதின்மூன்றுதான் வந்தது. திரும்ப எண்ணினார். பதின்மூன்று.

"சனியன்," என்று முணுமுணுத்துக்கொண்டு 14ஐ வெட்டினார். இது அவருக்கு நெடுநாள் வியாதி. எதை எண்ணினாலும் முதல் தடவை ஒன்று கூடும். வீட்டில் அவர், மனைவி ராதா, மகள் மயூரா என்று மூன்று பேர். காலையில் தேத்தண்ணி ஊற்றும்போது மனிதர் நாலு கோப்பை வைப்பார். "இண்டைக்கு ஆர் விருந்தாளி?" என்று ராதா கேலி பண்ணிப் பண்ணி அலுத்து, இப்போது பேசாமல் நாலாவதைத் தூக்கி அலுமாரியில் வைத்துவிடுகிறாள்.

"சார், ஒண்ணு கேக்கணும்," என்றார் வெங்கட்ராமன். "இதுல அந்த ஒரு பேருக்குத்தானே சார் மதிப்பு? மத்தவங்க யாருன்னே யாருக்கும் தெரியாது. நெட்ல பார்த்தேன். ஒரே ஒரு கையெழுத்து மட்டும் இருக்கிற பந்துன்னா மூணு மடங்கு போகுதாம். மத்ததை அழிச்சுட்டா என்ன?"

"அழிக்கிற ஆக்கள் இருக்கினம்," என்றார் அருந்தவன். "நாங்கள் அந்த வேலை செய்யிறேல்லை."

"அதுல தப்பு என்ன சார்? நம்ம பந்து, நம்ம இஷ்டம்."

"தப்பு எண்டு நான் சொல்லேல்லை. செய்யிறேல்லை எண்டுதான் சொன்னனான்."

வெங்கட்ராமன் ஒரு தினுசாய்ச் சிரித்தார். பரீட்சையில் பார்த்தெழுதிவிட்டுத் தப்பிய பிள்ளையின் சிரிப்பு அது. "நான் ஒண்ணே ஒண்ணு டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டேன் சார். வைஃபோட நெயில் பாலிஷ் ரிமூவர்ல. இதோ, இந்த இடம். இங்க ஒரு பேர் இருந்துச்சுன்னு சொல்லுங்க பார்ப்போம்?"

அருந்தவன் பார்த்தார். வெறும் தோல். சற்று வெளிறிய தோல், அவ்வளவுதான். அப்படியென்றால் பந்தில் பதினான்கு பேர் இருந்திருக்கிறார்கள். தான் எழுதி வெட்டிய 14 துண்டில் கிடந்து அவரைப் பார்த்தது. முன்பின் பார்க்காத பந்தில் அழித்த பெயரையும் சேர்த்து எண்ணியிருக்கிறாரே மனிதர்.

"உள்ளுக்கு வாங்கோ," என்றார்.

கடையின் பின்னறைக்கு ஜன்னல் இல்லை. அங்கேதான் நீல லைற் இருந்தது. கையில் பிடிக்கிற சின்ன விளக்கு. கண்ணுக்குத் தெரியாத கதிரை அடிக்கும். புதுத் தோலும் புது நூலும் அதில் பளீரென்று மின்னிப் போலியைக் காட்டிக்கொடுக்கும், அதற்காக வாங்கி வைத்தது. அருந்தவன் அறை விளக்கை அணைத்து, நீல லைற்றைப் பந்துக்கு நேரே பிடித்தார். பந்து மங்கலாய் ஒளிர்ந்தது. வெறுமையாய்க் கிடந்த இடத்தில் பழுப்பு நிழலாய் ஒரு கோடு தெரிந்தது, பிறகு ஒரு வளைவு, பிறகு முழுப் பெயரும் மேலே வந்து நின்றது. நோர்மன் டலி.

"ஐயோ, போகவே இல்லையா?" என்றார் வெங்கட்ராமன்.

"மேலை கிடந்தது போயிட்டுது. தோல் குடிச்சது போகாது. கடதாசியும் அப்பிடித்தான்."

சொன்ன வாயை அப்படியே மூடிக்கொண்டார் அருந்தவன். கடதாசியைப் பற்றி இங்கே யார் கேட்டது? லைற்றை அணைத்தார், நோர்மன் டலி போய்விட்டான். போட்டார், வந்துவிட்டான். பந்தில் இப்போது ஊறு விழுந்துவிட்டது, நாலாயிரம் டொலருக்குப் போக வேண்டியது மூவாயிரத்தைத் தாண்டினால் அதிர்ஷ்டம் என்று எப்படியோ சொல்லி முடித்தார். வெங்கட்ராமனின் முகத்தில் ஈயாடவில்லை. பந்தை விட்டுவிட்டு, ரசீதை வாங்கிக்கொண்டு போனார்.

இனி அந்தக் கடதாசியின் கதையைச் சொல்லத்தான் வேண்டும். பதினெட்டு வருடமாய் மனிதர் யாருக்கும் சொல்லாத கதை.

2008, கொழும்பு. வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் நாலு பேர் வாடகைக்கு இருந்தார்கள். அருந்தவன் ஒருவர். நகைக்கடையில் வேலை பார்த்த விக்னராஜாவும் அவர் தம்பியும் இரண்டு பேர். நாலாவது ஆள் சச்சிதானந்தன், பள்ளிக்கூடத்தில் அருந்தவனோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன், புலிகள் வசமிருந்த வன்னியில், கிளிநொச்சி விலாசம் போட்ட அடையாள அட்டைக்காரன். பாஸ்போட் எடுக்கவென்று வந்து அங்கேயே தங்கிவிட்டான். காலையில் தேத்தண்ணி போடுவது சச்சியின் பங்கு. நாலு கோப்பையையும் வரிசையாய் வைத்து, "எழும்புங்கோடா மகாராசாக்களே" என்று சத்தம் போடுவான். அவன் போடும் தேத்தண்ணியில் சீனி எப்போதும் தூக்கல்.

அந்த நாட்களில் கொழும்பில் தமிழர் இருக்கும் வீடென்றால் பொலிஸில் பதிய வேண்டும். ஒரு படிவம் தருவார்கள், வீட்டுக்கு ஒன்றுதான். அதில் இருக்கிறவர்கள் எல்லோரும் பெயரெழுதிக் கையெழுத்து வைத்துக் கொண்டுபோனால், பார்த்துப் புத்தகத்தில் பதிந்து, திகதியோடு முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். வீட்டில் அதை வைத்திருக்க வேண்டும். சோதனைக்கு வந்தால் கடதாசியில் இருக்கும் பெயரும் வீட்டில் இருக்கும் தலையும் கணக்கில் ஒத்துவர வேண்டும், இல்லாவிட்டால் வில்லங்கம். அந்தப் பெப்ரவரியில், சச்சி வந்த பிறகு முதல் தடவையாய், பதிவைப் புதுப்பிக்கும் முறை வந்தது. நாலு பேரும் அருந்தவனின் ஊற்றுப்பேனாவால் கையெழுத்து வைத்தார்கள். சச்சியின் கையெழுத்தில் கடைசி எழுத்தின் வால் ஒரு சுற்றுச் சுற்றி முதல் எழுத்துக்கே திரும்பி வரும். "உன்ரை கையெழுத்தைக் கள்ளக் கையெழுத்து வைக்க ஒரு நாள் வேணுமடா," என்று அருந்தவன் பகிடி விட்டதும் அன்றைக்குத்தான்.

அருந்தவனுக்கு அப்போது கலியாணமாகி ஒரு வருடம். ராதா மெல்போனில், இவர் கொழும்பில். விசாவுக்கு எல்லாம் சரி, பொலிஸ் நற்சான்று ஒன்றுதான் பாக்கி. வங்கியில் யாரோ ஒருவர் தேத்தண்ணி நேரத்தில் சொன்னார், வன்னி அட்டைக்காரன் பதிந்திருக்கும் வீடென்றால் அந்த வீட்டில் ஒருவருக்கும் நற்சான்று அசையாதாம் என்று. உண்மையோ பொய்யோ, விசாரிக்கவாவது வேண்டாமா? விசாரிக்கவில்லை. அன்று பின்னேரம் வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் படிவத்தை மேசையில் விரித்தார். காசோலைக் கள்ளர் பெயரை எப்படிக் கழுவுகிறார்கள் என்பது வங்கிக்காரருக்குத் தெரியாததா. உடுப்புக்குப் போடும் வெளுக்கும் திரவம், தீக்குச்சி நுனியில் பஞ்சு. அரை மணித்தியாலத்தில் நாலாவது வரி வெறுமையானது. மாசக் கடைசியில் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தானே, இரண்டு கிழமை பதிவில்லாமல் இருந்தால் குடியா முழுகிவிடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். சச்சிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று பேர் என்று பதிந்து முத்திரை குத்தினார்கள்.

ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்குச் சுற்றிவளைப்பு. சச்சி குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான். எல்லோரையும் வரிசையாய் நிற்கவைத்தார்கள். அட்டையைப் பார்த்ததும் அவனைத் தனியே இழுத்தார்கள். அவன் கொஞ்சமும் பயப்படவில்லை.

"என்ரை பேர் பதிஞ்சிருக்கு சேர்," என்றான். "அருந்தவன், அந்தப் பேப்பரைக் காட்டு."

அருந்தவன்தான் எடுத்துக் கொடுத்தார். அதிகாரி கடதாசியில் விரலை வைத்து மூன்று எண்ணினார். பிறகு தலைகளை எண்ணினார், நாலு. சச்சி எட்டிப் பார்த்தான். வெறுமையான வரியைப் பார்த்துவிட்டு அருந்தவனைப் பார்த்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். இன்னொரு கடதாசி இருக்கிறது, இப்போது எடுத்துத் தருவான் என்று காத்து நின்ற பார்வை. அதுதான் பதினெட்டு வருடமாய் அருந்தவனின் கண்ணுக்குள் நிற்கிறது.

"இது யார்?" என்றார் அதிகாரி.

"விருந்தாளி," என்றார் அருந்தவன். "நேற்று வந்தவர்."

அவனை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். மேசையில் நாலு கோப்பையிலும் ஆவி பறந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு சச்சியைக் கண்டவர்கள் யாருமில்லை.

சச்சியின் தங்கை விமலாதேவி அப்போதே சிட்னியில் இருந்தாள். ஏறாத படியில்லை, எழுதாத கடிதமில்லை. எங்கே போனாலும் ஒரே பதில்: அப்படி ஒருவர் அந்த வீட்டில் வசித்ததற்குப் பதிவு இல்லை, வசிக்காத இடத்திலிருந்து ஒருவரை எப்படிக் கூட்டிக்கொண்டு போயிருக்க முடியும்? விக்னராஜாவும் தம்பியும் கனடாவுக்குப் போய் வாய் திறக்க மறுத்துவிட்டார்கள். அந்தப் பதிவுக் கடதாசி எங்கே அண்ணை என்று அவள் அருந்தவனிடம் கேட்டபோது, அன்றைக்கே பொலிஸ் கொண்டுபோய்விட்டது என்று சொன்னார். பச்சைப் பொய். கடதாசி அவருடைய பழைய கோப்பில், அந்தப் பொலிஸ் நற்சான்றுக்குக் கீழேயே கிடந்தது. எறியவும் மனம் வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் துணிவில்லை. ஒவ்வொரு வருடமும், அவனைக் கொண்டுபோன பெப்ரவரி இருபதாம் திகதி, அவள் போன் எடுப்பாள். "அண்ணை, ஏதும் ஞாபகம் வந்ததோ?" என்று கேட்பாள். "இல்லைப் பிள்ளை" என்பார். அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது.

நீல லைற்றில் அழித்த மை தெரியும் என்று ஏழு வருடமாய் அதோடு புழங்குகிறவருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். தெரிந்துகொண்டே அந்த நினைப்பை ஒரு மூலையில் தள்ளி, மேலே சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். நோர்மன் டலி வந்து அந்தச் சாக்கை உரித்துவிட்டான்.

அன்றிலிருந்து மனிதர் மனிதராய் இல்லை. ரயிலில் எதிர்ச் சீட்டில் யாரோ சாரத்தோடு இருப்பதுபோல் இருக்கும். நிமிர்ந்தால் வெறும் சீட்டு. கடையில் தனியே நிற்கும்போது பின்னறையில் கோப்பை வைக்கும் சத்தம் கேட்கும். வியாழக்கிழமை ராதா போட்ட தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தவர், "ஏன் இவ்வளவு சீனி?" என்று கேட்டார்.

"நான் சீனியே போடேல்லை," என்றாள் ராதா. "உங்களுக்கு என்ன நடந்தது?"

வெள்ளிக்கிழமை இருபதாம் திகதி. பின்னேரம் ஐந்து மணிக்குப் போன் வந்தது. அருந்தவன் குசினிக் கதிரையில் இருந்தபடியே எடுத்தார்.

"அண்ணை, நான் விமலா."

"ஓம் பிள்ளை. சொல்லுங்கோ."

"இந்தமுறை நான் ஞாபகம் வந்ததோ எண்டு கேக்க எடுக்கேல்லை. காணாமல் போன ஆக்களைத் தேடுற அலுவலகத்திலையிருந்து கடிதம் வந்திருக்கு. மாசக் கடைசிக்குள்ளை எங்கடை அண்ணன் அந்த வீட்டிலை இருந்ததுக்கு ஒரு ஆதாரம் குடுக்காட்டி விசாரணைக் கோவையை மூடப்போகினமாம். மூடினால் பிறகு திறக்கமாட்டினம்." அவளுடைய குரல் கணக்குச் சொல்வதுபோல் நிதானமாய் இருந்தது. அழுது முடித்த குரல். "அதுதான் அண்ணை, உங்களுக்குச் சொல்லிவிடுவம் எண்டு எடுத்தனான். இனி வருஷா வருஷம் உங்களைக் கரைச்சல்படுத்தமாட்டன்."

அருந்தவன் போனை மேசையில் வைத்தார். இனி அவள் எடுக்கமாட்டாள். இதற்காகத்தானே பதினெட்டு வருடம் ஏங்கினார்? வாயைத் திறக்காமல் இன்னும் எட்டு நாள் இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அந்தக் கடதாசியை அவளுக்குக் கொடுத்தால் சச்சி அந்த வீட்டில் இருந்தான் என்பதற்கு ஆதாரம். அவனை அந்த வீட்டில் இல்லாமல் பண்ணியது யார் என்பதற்கும் அதே கடதாசிதான் ஆதாரம். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க வழியில்லை.

ராதா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "நீங்கள் அந்த நாலாவது கோப்பை ஆருக்கு வைக்கிறனீங்கள்?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"சச்சிக்கு," என்றார் அருந்தவன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மென்று விழுங்காமல், பூசி மெழுகாமல், தீக்குச்சி நுனியில் சுற்றிய பஞ்சுவரை சொன்னார். ராதா குழாயைப் பூட்டிவிட்டு ஈரக் கையோடு நின்றாள்.

"என்னட்டை வாறதுக்காகவோ செய்தனீங்கள்?"

"இல்லை. எனக்காகத்தான்."

அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். அவருக்குப் பக்கத்தில் வரவில்லை. "போய்க் குடுங்கோ," என்றாள் கடைசியில். "குடுத்துப்போட்டு வந்து என்னோடை கதையுங்கோ. அதுக்கு முதல் என்னோடை ஒண்டும் கதைக்க வேண்டாம்."

சனிக்கிழமை கடைக்குப் போய் ஏலப் பட்டியலுக்குப் பந்தின் விபரத்தை எழுதி முடித்தார். பதினான்கு பெயரையும் எழுதி, பதினான்காவதுக்குப் பக்கத்தில் 'அழிக்கப்பட்டது, நீல ஒளியில் தெரியும்' என்று சேர்த்தார். வெங்கட்ராமனுக்கு மின்னஞ்சல் போன பத்தாவது நிமிடம் போன் வந்தது.

"சார், அழிஞ்ச பேரையும் ஏன் சார் போடறீங்க? அது தெரிஞ்சா விலை குறையுமே."

"ஓம், குறையும்."

"அப்ப போடாதீங்களேன்."

"அந்தாள் இந்தப் பந்திலை இருந்தவர் தம்பி. இருந்தவர் எண்டு நான் எழுதாட்டி வேறை ஆர் எழுதப்போகினம்?"

"சரி சார், உங்க இஷ்டம்," என்று வெங்கட்ராமன் சலிப்போடு போனை வைத்துவிட்டார்.

நீல லைற்றைக் கடையில் சொல்லிக் கேட்டு எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை விமானத்தில் சிட்னிக்குப் போனார். கடதாசி கைப்பைக்குள் இருந்தது. லைற்றில் வைத்து ஒரு தடவை பார்த்தாரா என்றால், இல்லை. தனியே பார்க்கத் தைரியம் வரவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், ஒன்றும் தெரியாமல் போய்விட வேண்டும் என்று மனதின் ஒரு மூலை நேர்த்தி வைத்துக்கொண்டே வந்தது. கடதாசி வேறு, தோல் வேறு, எவ்வளவு காலம் ஆச்சு, தெரியாமலும் போகலாம்தானே. பாருங்கள், அந்த நேரத்திலும் மனிதருக்குத் தப்பும் யோசனைதான்.

ஹோம்புஷில் விமலாதேவியின் அடுக்குமாடி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். கீழே தோசைக் கடையில் மாணவர்கள் நெரிந்துகொண்டு நின்றார்கள். இரண்டாம் மாடியில் கதவைத் திறந்தவளுக்கு ஐம்பத்திரண்டு வயது, தலை முழுக்க நரைத்திருந்தது. சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லை. கோவைகள், கடித உறைகள், பதினெட்டு வருடம்.

"வாங்கோ அண்ணை. இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

"தேத்தண்ணி வேண்டாம் பிள்ளை. ஜன்னல் இல்லாத அறை இருக்கோ?"

அவள் ஒன்றும் விளங்காமல் அவரைப் பார்த்தாள். இருந்தது குளியலறை ஒன்றுதான். உடுப்புத் தோய்க்கும் மெசினின் மூடிமேல் அருந்தவன் கடதாசியை விரித்தார். மடிப்புகள் கிழியும் நிலையில் இருந்தன. முத்திரையும் திகதியும் அழியாமல் அப்படியே நின்றன. அவள் மெசினுக்கு மற்றப் பக்கம் நின்றாள்.

"இது அந்தப் பதிவெல்லோ," என்றாள். "பொலிஸ் கொண்டுபோனதெண்டு சொன்னீங்கள்."

"பொய் சொன்னனான்."

கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார். நீல லைற்றைப் போட்டார். கடதாசி வெளிறிய நீலத்தில் ஒளிர்ந்தது, மூன்று பெயரும் கறுப்பாய்த் தெரிந்தன. நாலாவது வரியில் ஒன்றுமில்லை. ஒரு மூச்சு நேரம் அருந்தவனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ லேசானது. லைற்றைச் சற்றுச் சாய்த்தார். கை நடுங்கித்தான் சாய்ந்ததோ, வேறு யாரும் பிடித்துச் சாய்த்தார்களோ, அவருக்கே தெரியாது. நாலாவது வரியில் பழுப்பு நிழல் அசைந்தது. ஒரு வால் சுற்றிக்கொண்டு வந்து முதல் எழுத்தைத் தொட்டது.

அவளுக்கு அது தலைகீழாய்த்தான் தெரிந்தது. வாசிக்க வேண்டியிருக்கவில்லை. "அண்ணன்ரை கையெழுத்து," என்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

நீல வெளிச்சத்தில் அவள் முகம் அவன் முகமாயிருந்தது. அதே நெற்றி, அதே காத்து நிற்கும் கண். அருந்தவன் நிலத்தைப் பார்த்தார். குளியலறையில் நிற்பவர்களை அவர் மனம் தன்பாட்டுக்கு எண்ணியது. மூன்று பேர்.

"ஆர் இதை அழிச்சது?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்காகத்தான் மனிதர் இவ்வளவு தூரம் வந்தது. இன்னொருவரின் பெயரைச் சொல்லலாம். விக்னராஜா கனடாவில் இருக்கிறார், மறுக்க வரப்போவதில்லை. அந்த நினைப்பும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனது.

"நான்தான்," என்றார் அருந்தவன். "அவனுக்குத் தெரியாது. தன்ரை பேர் இருக்குதெண்டுதான் கடைசிவரைக்கும் நினைச்சவன். என்னட்டைத்தான் பேப்பரைக் காட்டச் சொன்னவன்."

விமலாதேவி கத்தவில்லை. அடிக்கவில்லை. அவர் எதற்காகச் செய்தார் என்றுகூடக் கேட்கவில்லை. அருந்தவனுக்கு அங்கே நிற்கத் தாங்கவில்லை, லைற்றை அணைக்க விரல் போனது.

"நிப்பாட்ட வேண்டாம்," என்றாள்.

அவள் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கடதாசிக்கு மேலே பிடித்தாள். ஒரு படம் எடுத்தாள், பார்த்தாள். மங்கலாய் இருந்தது. இன்னொன்று எடுத்தாள். அதுவும் மங்கல். அவருடைய கை நடுங்க நடுங்க, சச்சியின் பெயர் கடதாசியில் தெரிவதும் மறைவதுமாய் இருந்தது. பதினெட்டு வருடம் வாய்க்கு வாய் அண்ணை என்று கூப்பிட்டவள் இப்போது அவரை அப்படிக் கூப்பிடவில்லை.

"கையை ஆட்டாமல் பிடியும்," என்றாள். "அவரை நான் எடுக்க வேணும்."

அருந்தவன் மற்றக் கையாலும் லைற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.